பொட்டலத்தின் மேல் யாருடைய படம்?



ஆண்டுதோறும் அண்ணனின் நினைவு நாளில் இப்படிக் கூடுகிறோம். மேடையில் யாராவது நீட்டி முழக்கினால் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறவர் அவர். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

போன மாதம் கிழக்குத் தாம்பரத்தில் நடந்த நம் வாசிப்பு வட்டத்தில், முதுகலை படிக்கும் ஒரு தங்கை எழுந்து கேட்டார்: "சிகரெட் பெட்டியில் புற்றுநோய் வந்த வாயைப் படமாகப் போடச் சொல்லிச் சட்டம் இருக்கிறது. கறிப் பொட்டலத்தில் மட்டும் மாடு வெட்டப்படுகிற படத்தை ஏன் போடக்கூடாது?" இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஒரு தோழர் "இது பார்ப்பனியம்" என்று ஒரே சொல்லில் முடித்துவைக்கப் பார்த்தார். ஆனால் அந்தத் தங்கை நம் தெருவில் பிறந்தவர். அவருடைய அப்பா ஞாயிற்றுக்கிழமைதோறும் கறிக்கடை போடுகிறவர். அப்பாவின் கத்தியையும் வெட்டுக்கட்டையையும் பார்த்து வளர்ந்த பிள்ளை கேட்கிற கேள்வியை இரவல் கேள்வி என்று தள்ளிவிட நமக்கு உரிமை இல்லை. அன்றைக்கு எங்களிடம் பதிலும் இல்லை. இன்றைய பேச்சு அந்தக் கேள்விக்கான பதில் முயற்சி.

முதலில் அவர் தரப்பை அதன் முழு பலத்தோடு எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் புகையிலைப் பொருட்கள் மீது படத்துடன் கூடிய எச்சரிக்கை 2009 மே 31 முதல் கட்டாயம். 2016 ஏப்ரல் முதல் பெட்டியின் முன்னும் பின்னும் 85 விழுக்காடு இடத்தை அது பிடித்துக்கொள்ள வேண்டும். கம்பெனிகள் நீதிமன்றம்வரை போய்ப் பார்த்தார்கள். கர்நாடக உயர்நீதிமன்றம் 2017 டிசம்பரில் அந்த விதியை ரத்து செய்தது. அடுத்த மாதமே உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை விதித்தது. படம் நிலைத்தது. பள்ளிக்கூடம் போகாத நம் பெரியவர்களுக்கும் பீடிக்கட்டின் மேல் இருக்கிற படம் புரிகிறது. அந்த வகையில் அது நல்ல சட்டம்.

கறிக்கும் இதைச் செய்யலாமா என்று இங்கிலாந்தில் டர்ஹம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் சோதித்தார்கள். கறி சாப்பிடும் சுமார் 1000 பேருக்கு உணவுப் படங்களைக் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். சிலருக்கு உடல்நலம், சிலருக்குப் பருவநிலை, சிலருக்குப் பெருந்தொற்று பற்றிய எச்சரிக்கையைப் படத்தோடு சேர்த்துக் காட்டினார்கள். கறி உணவைத் தேர்ந்தெடுப்பது 7 முதல் 10 விழுக்காடு வரை குறைந்தது. திரையில் எடுத்த தேர்வு அது, கடையில் எடுத்ததில்லை. ஆனாலும் கணக்கில் கொள்ளத்தக்க ஆய்வுதான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையும் 2015 அக்டோபரில், பதப்படுத்திய கறியைப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருட்களின் வரிசையிலும், மாடு, ஆடு, பன்றி முதலான சிவப்பு இறைச்சியை 'உண்டாக்கக்கூடும்' என்ற வரிசையிலும் வைத்தது. தினமும் 50 கிராம் பதப்படுத்திய கறி சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து 18 விழுக்காடு கூடுகிறது என்பது அவர்கள் கணக்கு. பதப்படுத்திய கறி என்றால் சாசேஜ், சலாமி, பேக்கன் போன்றவை. இவற்றை மறுத்துப் பேசுவது நம் வேலை இல்லை. நம் பிள்ளைகள் குடலும் குடல்தான்.

ஆனால் தங்கை கேட்டது நோயின் படத்தை அல்ல, வெட்டுகிற படத்தை. இங்கேதான் இரண்டும் பிரிகின்றன. சிகரெட் பெட்டியில் இருக்கும் வாய், புகைப்பவருக்கு வரப்போகிற வாய். 'உனக்கு இது நடக்கும்' என்கிறது படம். வெட்டுகிற படமோ இன்னொருவருடைய கையைக் காட்டுகிறது. அந்தப் படத்தை எடுக்க வேண்டும் என்றால் கேமரா எங்கே போகும்? அறுப்புக்கூடத்துக்குப் போகும். அங்கே நிற்பவர் யார்? நம் மாமா நிற்பார், பக்கத்தில் பாய் நிற்பார். பாக்கெட்டைக் கையில் எடுக்கிறவர் மாட்டின் வலியை மட்டும் பார்ப்பார், கத்தி பிடித்த கையைப் பார்க்க மாட்டார் என்று இந்த நாட்டில் யாராவது உறுதி சொல்ல முடியுமா? ரத்தம், தோல், குடல், மலம் என்று அருவருப்புக்குரியது என ஒதுக்கப்பட்ட எல்லாவற்றோடும் ஒரு சாதிப் பெயரையும் சேர்த்தே சொல்லிக்கொடுத்த சமூகம் இது. மற்ற நாட்டில் அருவருப்பு ஓர் உணர்ச்சி. இங்கே அதற்கு முகவரியும் உண்டு.

அந்த முகவரியைத் தேடி நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. தாம்பரத்தில் ரயில் ஏறினால் இரண்டு ஸ்டேஷன் தள்ளி குரோம்பேட்டை. அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று அங்கே பிளாட் வாங்கியிருக்கும் பலருக்குத் தெரியாது. ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதனிட்டுக்கொண்டிருந்த ஊரில், குரோமிய உப்பைக் கொண்டு பதனிடும் முறையை ஆல்ஃபிரட் சாட்டர்ட்டன் சென்னையில் முயன்று பார்த்தார். பிறகு சேம்பர்ஸ் என்ற வெள்ளைக்காரரின் குரோம் லெதர் கம்பெனி இங்கே வந்தது. அந்தக் கம்பெனியின் குரோம்தான் பேட்டையின் குரோம். ஓர் ஊர் முழுக்க மாட்டுத் தோலின் பெயரில் இருக்கிறது. பக்கத்தில் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை. இன்றைக்குச் செடியும் பழைய ஃபிரிட்ஜும் விற்கிற அந்தச் சந்தை மாட்டுச் சந்தையாக இருந்த சந்தை. கொஞ்சம் உள்ளே போனால் நாகல்கேணி, தோல் கம்பெனிகளும் அவற்றின் கழிவுநீரும். அண்ணன் பதினாறு வயதில் அங்கே சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கியவர். வேலை விட்டு இருபது வருஷம் ஆன பிறகும் அவர் விரல் நகங்கள் சரியாக வளரவில்லை என்பதை இங்கே பலர் பார்த்திருக்கிறீர்கள்.

அதே குரோம்பேட்டையில், அதே பல்லாவரத்தில், வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் முதல் கேள்வி "நீங்க வெஜ்ஜா?" என்பதுதான். சாதியை நேராகக் கேட்க இப்போது கூச்சம், அதனால் சட்டியைக் கேட்கிறார்கள். எங்களில் ஒருவர் ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போனார். வீட்டுக்காரர் ஷோரூமில் வாங்கிய தோல் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, தோல் சோபாவில் உட்கார்ந்துகொண்டு, "மாடு மட்டும் சமைக்கக் கூடாதுங்க" என்றாராம். மாடு ஏற்கெனவே அந்த வீட்டுக்குள் போயிருந்தது என்பதை அவரிடம் சொல்ல முடியவில்லை. வீடு வேண்டுமே.

இங்கே பொட்டலங்களின் வரலாற்றைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். 2001-இல் பொட்டல உணவுகள் மீது பழுப்புப் புள்ளியும் பச்சைப் புள்ளியும் கட்டாயமாயின. 2020 விதிகளில் பழுப்புப் புள்ளி முக்கோணமாக மாறியது. பிஸ்கட்டில் முட்டை இருந்தால் பழுப்பு. பால், வெண்ணெய், நெய் பச்சை. தேன்கூட விலக்கு பெற்றுப் பச்சைக்குப் போய்விட்டது. பால் கறக்கிற மாடு கன்று போட்டால்தான் பால் சுரக்கும்; அந்தக் கன்று காளையானால் அது எங்கே போகிறது, பால் வற்றிய பசு எங்கே போகிறது என்று பச்சைப் புள்ளி சொல்வதில்லை. ஒரே மாட்டின் மடி பச்சை, தொடை பழுப்பு, தோலுக்குப் புள்ளியே கிடையாது. விலங்கின் வலியைக் காட்டத்தான் படம் என்றால் முதல் படம் பால் பாக்கெட்டின் மேல் வர வேண்டும். அதைக் கேட்கிற ஆள் இருந்தால் அவரோடு உட்கார்ந்து பேச நாங்கள் தயார். தங்கையிடம் இதைச் சொன்னபோது, "நான் பாலையும் விட்டுட்டேன் அண்ணா" என்றார். சரி, அவரிடம் நேர்மை இருக்கிறது. சட்டம் போடுகிறவர்களிடம் அந்த நேர்மை இருக்குமா என்பதுதான் எங்கள் சந்தேகம். 2015-க்குப் பிறகு இந்த நாட்டில் மாட்டை முன்வைத்து வந்த எந்தச் சட்டமும் பால் கம்பெனியை நோக்கி வரவில்லை. 2017 மே மாதம் மத்திய அரசு, சந்தையில் மாட்டை அறுப்புக்கு விற்கக் கூடாது என்று விதி கொண்டுவந்தது, 'வதைத் தடுப்பு' என்ற பெயரில்தான். ஒரே வாரத்தில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை கொடுத்தது. இரக்கம் என்ற சொல்லோடு ஒரு சட்டம் வந்தால், அது யார் வாசலில் போய் நிற்கிறது என்று பார்க்கும் பழக்கம் நமக்கு அப்படி வந்ததுதான்.

படம் என்ன செய்யும் என்பதற்கு இந்த நகரத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2018 நவம்பரில் எழும்பூர் ரயில் நிலையத்தில், ஜோத்பூரிலிருந்து வந்த சுமார் 2000 கிலோ கறி பிடிபட்டது. வால் நீளமாக இருக்கிறது, நாய்க்கறி என்றார்கள். தோலுரித்த உடல்களின் படம் அன்று மாலைக்குள் எல்லா டிவியிலும், எல்லோருடைய வாட்ஸ்அப்பிலும் வந்துவிட்டது. சில நாட்களில் கால்நடை மருத்துவக் கல்லூரி சோதித்து, அது ஆட்டுக்கறிதான் என்றது. அந்த அறிக்கைக்குப் படம் கிடையாது. அதனால் யாரும் அதை அனுப்பிக்கொள்ளவில்லை. தாம்பரம் மேற்கில் அண்டா வைத்துப் பிரியாணி விற்றவர்கள் பாதி அண்டாவோடு வீடு திரும்பிய நாட்கள் எங்களுக்கு நினைவிருக்கின்றன. ஏசி ஹோட்டல்காரர் பில்லைக் காட்டி நம்பிக்கையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். தள்ளுவண்டிக்காரர் எதைக் காட்டுவார்?

அதே படத்தை நாம் போட்டால் என்ன ஆகிறது என்றும் பாருங்கள். 2019 ஜூலையில் நாகப்பட்டினம் அருகே ஓர் இளைஞர் மாட்டுக்கறி சூப் சாப்பிடுகிற படத்தை முகநூலில் போட்டதற்காக வீடு தேடி வந்து அடித்தார்கள். 2016-இல் குஜராத்தின் உனாவில் செத்த மாட்டைத் தோலுரித்தவர்களைக் கட்டிவைத்து அடித்து, அடித்தவர்களே வீடியோ எடுத்து வெளியிட்டார்கள். படம் எடுக்கும் உரிமை யாருக்கு இருந்தது, படமாகும் வேலை யாருக்கு இருந்தது என்பதை அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. நம் பகுதியில் கறிக்குப் பொட்டலமே கிடையாது. முன்பு மந்தார இலை, பிறகு தினத்தாள், அதற்கு மேல் ஒரு கருப்புக் கவர். 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்த பிறகும் மாட்டுக்கறிக் கடையில் கருப்புக் கவர் போகவில்லை. ஆட்டுக்கறியை வெள்ளைக் கவரில் வாங்கிப் போகலாம், மீனைக் கூடையில் தூக்கிப் போகலாம். மாட்டுக்கறிக்குக் கருப்பு. பஸ்ஸில், ஷேர் ஆட்டோவில், அபார்ட்மெண்ட் லிஃப்டில் யாரும் பார்க்கக் கூடாது. நம் ஆயா அந்தக் கவரையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வந்தார். 2024 பிப்ரவரியில் தருமபுரி மாவட்டம் அரூரில், கறி விற்றுப் பிழைக்கிற ஒரு தாயை அரசுப் பேருந்திலிருந்து நடுவழியில் இறக்கிவிட்டார்கள். ஓட்டுநரும் நடத்துநரும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள், செய்தி வந்தது, முடிந்தது. கிண்டி ஐ.ஐ.டி. விடுதி உணவகத்தில் 2018 டிசம்பரில் சைவத்துக்குத் தனி வாசல், தனிக் கைகழுவும் இடம் என்று அறிவிப்பு ஒட்டி, எதிர்ப்பு வந்ததும் எடுத்தார்கள். கறியின் மேல் படம் ஒட்டுவதற்கு முன்பே கறி தின்பவர் மேல் ஒட்டியாகிவிட்டது. தங்கைக்கு எங்கள் முதல் பதில் இதுதான்: அச்சடித்த படம் ஒன்று வந்தால் அது புதிய எச்சரிக்கையாக இருக்காது, பழைய எச்சரிக்கைக்கு அரசு முத்திரையாக இருக்கும்.

இதை இத்தோடு நிறுத்தினால் கைதட்டு கிடைக்கும். ஆனால் நம் பக்கத்துக் குறைகளையும் பேச வேண்டும்.

மாட்டுக்கறி விருந்து நடத்துவதே அரசியல் என்று நாம் சில காலம் இருந்தோம். அது தேவையாகவும் இருந்தது. ஆனால் நம் வீட்டுப் பெண்களில் பலர் மாட்டுக்கறி தொடுவதில்லை. பள்ளிக்கூடத்தில் பட்ட கேலியால் விட்டவர்கள் உண்டு, வேண்டுதலுக்காக விட்டவர்கள் உண்டு, பிடிக்காமல் விட்டவர்களும் உண்டு. அவர்களைக் கூட்டத்தில் நிறுத்தி வைத்து ஊட்டாத குறையாக நடந்துகொண்டோம். அதுவும் ஒருவிதமான புள்ளி குத்துவதுதான். 1927-இல் மகாத் மாநாட்டில் அம்பேத்கர் செத்த மாட்டுக் கறியை விடச் சொன்னார். அவர் மாட்டைப் புனிதமாக்கவில்லை. செத்ததைத் தூக்குவது உன் கடமை, அதைத் தின்பது உன் கூலி என்ற ஏற்பாட்டை உடைக்கச் சொன்னார். 1948-இல் தீண்டப்படாதார் யார் என்று ஆராய்ந்த அதே மனிதர், பிரிந்துபோன பௌத்தர்கள் மாட்டுக்கறியை விடாததில்தான் தீண்டாமையின் வேர் இருக்கிறது என்று எழுதினார். 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில், கொல்ல வேண்டிய தேவை வேறு, கொல்ல வேண்டும் என்ற விருப்பம் வேறு என்று பிரித்துக் காட்டினார். அகிம்சையை விதியாக அல்ல, ஒவ்வொரு முறையும் யோசித்து எடுக்க வேண்டிய நெறியாக வைத்தார். கொலையைப் பற்றி யோசிப்பது நமக்கு அந்நியமான வேலை இல்லை. தங்கை யோசிக்கிறார். யோசிக்கட்டும்.

உடல்நலம் பற்றியும் ஒரு கணக்கு. தமிழ்நாட்டில் 2014 மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி 97 விழுக்காட்டினருக்கு மேல் அசைவம் சாப்பிடுகிறவர்கள். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. ஆட்டுக்கறியின் பாதி விலைக்கும் கீழே கிடைக்கிற இரும்புச் சத்து, புரதம் மாட்டுக்கறி. கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் கொண்டுபோய்க் கொட்டப்பட்ட குடும்பங்களில், குழந்தை பெற்ற பெண்ணுக்கு ஒரு கிண்ணம் எலும்பு சூப்புக்குப் பதிலாகப் பாதாம் வாங்கிக் கொடுக்க யாரும் வரப்போவதில்லை. டர்ஹமில் கறி குறைந்தால் தட்டில் வேறொன்று வரும். பெரும்பாக்கத்தில் கறி குறைந்தால் தட்டில் சோறு மட்டும் கூடும்.

அதே நேரம் மாலையில் தள்ளுவண்டியில் பீஃப் ஃப்ரை போடுகிற எண்ணெய் எத்தனாவது முறை கொதிக்கிறது? கலர் பவுடர் எவ்வளவு விழுகிறது? ஐஸ் இல்லாமல் கறி எத்தனை மணி நேரம் தொங்குகிறது? இதைக் கேட்டால் 'நம்ம ஆளு கடை' என்று வாயை அடைக்கிறோம். தின்பதும் நம்ம ஆள்தானே.

எங்கள் கோபம் வேறொரு இடத்திலும் இருக்கிறது. அரசே நடத்துகிற டாஸ்மாக் கடையில் பாட்டிலின் மேல் எச்சரிக்கை எழுத்து மட்டும்தான். வீங்கிய ஈரலின் படம் இல்லை. சிப்ஸ், குளிர்பானப் பாக்கெட்டுகளில் உப்பும் சர்க்கரையும் கொழுப்பும் அதிகம் என்று சிலி நாட்டில் 2016 முதல் கருப்பு எண்கோணம் போடுகிறார்கள். இங்கே உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் கொண்டுவந்த வரைவு, எச்சரிக்கைக்குப் பதிலாக நட்சத்திரம் கொடுக்கலாம் என்றது. கெட்டது அதிகம் என்று சொல்ல மாட்டார்களாம், நட்சத்திரம் குறைவு என்பார்களாம். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர்த் தொட்டிச் சுவர் இடிந்து தொழிலாளர் பத்துப் பேர் இறந்தார்கள். எந்த ஷூ பெட்டியின் மேலும் அந்தப் படம் இல்லை.

இதையெல்லாம் சேர்த்து, உணவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கு ஒரு கடிதம் வரைந்திருக்கிறோம். பதப்படுத்திய கறிப் பாக்கெட்டுகளில் அந்த 18 விழுக்காட்டைத் தமிழிலும், பெரிய எழுத்திலும் போடச் சொல்கிறோம். சர்க்கரைக்கும் உப்புக்கும் அதே எழுத்து, அதே அளவு. ஆப்பில் வருகிற கோழிக்கறியில் எந்த ஆன்டிபயாடிக் மருந்து கொடுத்து வளர்த்தார்கள் என்பது தெரிய வேண்டும். மாட்டுக்கறிக் கடைகளுக்கும் லைசென்ஸ், தண்ணீர் இணைப்பு, ஐஸ்பெட்டிக்குக் கடன், அறுப்புக்கூடத்தில் கையுறையும் பூட்ஸும் தாம்பரம் மாநகராட்சி கொடுக்க வேண்டும். லைசென்ஸ் இல்லாத கடையை மூடுவது சுலபம், நம் கடைக்கு லைசென்ஸ் கொடுப்பதுதான் யாருக்கும் மனம் வராத வேலை. வெட்டுகிற படம் வேண்டாம் என்றும் காரணத்தோடு எழுதியிருக்கிறோம்.

ஒரு பத்தியில் மட்டும் இன்னும் ஒப்புதல் வரவில்லை. அறுப்புக்கு முன் விலங்கை எப்படிக் கொண்டுவர வேண்டும், லாரியில் எத்தனை ஏற்றலாம், தண்ணீர் காட்ட வேண்டுமா என்பதைச் சேர்க்க வேண்டும் என்கிறார் தங்கை. சேர்த்தால் அதையே பிடித்துக்கொண்டு லாரியை மறிப்பார்கள், டிரைவரை அடிப்பார்கள் என்கிறார்கள் கடைக்காரத் தோழர்கள். தங்கையின் அப்பாவும் அதைத்தான் சொல்கிறார். இருவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாக எங்களுக்குப் படுகிறது, அதனால் பத்தியை அடைப்புக்குறிக்குள் வைத்திருக்கிறோம். கடிதத்தின் நகல் பின்வரிசை மேசையில் இருக்கிறது. படித்துவிட்டு, அந்தப் பத்தியின் ஓரத்தில் உங்கள் கருத்தை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். சாப்பாடு மாடியில். மாட்டுக்கறி, கோழி, சாம்பார் மூன்றும் ஒரே மேசையில் இருக்கிறது, கரண்டிதான் தனித்தனி. கேள்விகளைச் சாப்பிட்டுக்கொண்டே கேட்கலாம்.